கார்டிசால் போகும் வழி

கார்டிசாலுக்கு இப்போது ஊரெல்லாம் கெட்ட பெயர். தூக்கம் வராததற்கும் தொப்பை விழுவதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். அதைக் குறைக்கிறேன் என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அதே கார்டிசாலை ஹைட்ரோகார்டிசோன் என்ற பெயரில் நரம்பில் ஏற்றித்தான் அவசர சிகிச்சைப் பிரிவில் பல உயிர்களை மீட்கிறார்கள். இரண்டும் ஒரே மூலக்கூறு. அது எங்கே பிறந்து, எப்படி மூளைக்குள் போய், எந்த வழியாக வெளியேறுகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், கெட்ட பெயரில் பாதி அநியாயம் என்று தெரியும். மீதிப் பாதி நியாயம்தான்.

பிறப்பிடம் அட்ரீனல் சுரப்பி. இரண்டு சிறுநீரகங்களின் மேலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும் இவை தலா நாலைந்து கிராம் எடைதான். 1855-இல் லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் தாமஸ் அடிசன், உடல் தளர்ந்து தோல் கறுத்து இறந்துபோன சிலரைப் பற்றி எழுதினார். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது சிதைந்துபோன அட்ரீனல் சுரப்பி. அதுவரை இந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

கச்சாப்பொருள் கொலஸ்டிரால். அதற்கும் நல்ல பெயர் கிடையாது. தாயைப் போலப் பிள்ளை. சுரப்பியின் செல்லில் கொலஸ்டிரால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்ததும் அதன் வால்பகுதி வெட்டப்படுகிறது. பிறகு வெளியே வந்து சில மாற்றங்களை அடைந்து, கடைசிக் கட்டத்துக்கு மறுபடி மைட்டோகாண்ட்ரியாவுக்கே திரும்புகிறது. அங்கே அதன் 11-ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் ஏறுகிறது. ஏறிய பிறகுதான் அது கார்டிசால்.

அந்த ஒற்றை ஆக்சிஜன் வேதியியலாளர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1930-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும் சுவிட்சர்லாந்தில் ததேயுஷ் ரைக்ஸ்டைனும் மாட்டு அட்ரீனல்களைக் குவியல் குவியலாக அரைத்து, உள்ளே இருப்பதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்தவற்றுக்குக் கெண்டல் எழுத்துகளால் பெயர் வைத்தார். 'எஃப்' என்பது கார்டிசால். அதன் உடன்பிறப்பான 'ஈ' கார்டிசோன். சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தது மருந்தாக்கப் போதாது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் 1944-இல் மாட்டுப் பித்தத்திலிருந்து 'ஈ'யைத் தயாரித்துக் காட்டினார். பித்த அமிலத்தில் ஆக்சிஜன் 12-ஆம் கார்பனில் இருந்தது. அதை 11-க்கு நகர்த்தவே படாத பாடு. மொத்தம் 36 படிகள். 1952-இல் அப்ஜான் நிறுவனத்தார் ரைசோபஸ் பூஞ்சையைக் கொண்டு அந்த ஆக்சிஜனை ஒரே படியில் ஏற்றிவிட்டார்கள். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்த இனம்தான்.

இதற்கு நடுவில், 1948 செப்டம்பரில், மேயோ கிளினிக்கின் பிலிப் ஹென்ச் முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு 'ஈ'யை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கும் போய்வந்தார். 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு. இதில் வேடிக்கை, 'ஈ' தானாக எதையும் செய்வதில்லை. கல்லீரல் அதை 'எஃப்' ஆக மாற்றிக் கொடுத்த பிறகே வேலை நடக்கும். அந்தப் பெண்ணை நடக்க வைத்தது கார்டிசால். பேர் வாங்கியது கார்டிசோன்.

வலி போன நோயாளிகளிடம் வேறொன்றும் தென்பட்டது. சிலர் காரணமில்லாத உற்சாகத்தில் மிதந்தார்கள், சிலருக்குத் தூக்கம் போனது, சிலருக்குப் புத்தியே பேதலித்தது. மூட்டுக்குப் போட்ட மருந்து மனதில் என்ன செய்கிறது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

உடலுக்குள் இந்தச் சுரப்புக்கு உத்தரவு போடுவதே மூளைதான். பயமோ பதற்றமோ வந்தால் ஹைப்போதலாமஸ் ஒரு சிறு புரதத்துணுக்கை அனுப்பும். 41 அமினோ அமிலங்கள் கொண்ட அதை 1981-இல் சால்க் ஆய்வகத்தின் வைலி வேல் அடையாளம் கண்டார். அது பிட்யூட்டரியைத் தட்ட, பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனால் அட்ரீனலைத் தட்டும். கார்டிசாலைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, கேட்கும்போது காய்ச்சித்தான் தர வேண்டும். அதனால் அட்ரீனலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்ந்துவிட, கார்டிசால் ரத்தத்தில் உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஒட்டாமல் தனியாகத் திரியும் கொஞ்சம்தான் மூளைக்குள் இறங்கும்.

இறங்கி எங்கே போகிறது? 1968-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கீவன், கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். எலியில் கார்டிசாலின் இடத்தில் இருப்பது கார்டிகோஸ்டீரோன். உத்தரவு போட்ட ஹைப்போதலாமஸில் அது போய்ச் சேரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதிகமாகச் சேர்ந்ததோ ஹிப்போகேம்பஸில், புதிய நினைவுகள் உருவாகும் இடத்தில். டென்ஷனுக்குச் சுரப்பது நினைவு உருவாகும் இடத்தில் போய் உட்கார்கிறது என்பது அன்று பெரிய செய்தி.

அங்கே அதை வரவேற்க இரண்டு வகை ஏற்பிகள் இருப்பதை 1985-இல் நெதர்லாந்தில் ரோய்லும் டி குளோட்டும் காட்டினார்கள். ஒன்று ஹார்மோனைச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சாதாரண நாளிலேயே நிறைந்திருக்கும். மற்றது கார்டிசால் ஏறும்போதுதான் நிறையும். விடியற்காலையில் கார்டிசால் தானாகவே உயர்ந்து, கண் விழித்த அரைமணிக்குள் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகிறது. இந்த அளவான ஏற்ற இறக்கம் இல்லாமல் நாம் படுக்கையை விட்டு எழுவதே கஷ்டம். பயத்தில் வரும் ஒரு வேகமும் நல்லதற்குத்தான். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவோடு சேர்ந்து அது நடந்ததை மனதில் ஆழப் பதிக்கிறது. நாய் துரத்திய தெரு ஆயுளுக்கும் மறக்காது.

பதிக்கத் தெரிந்த அதே கார்டிசால் எடுத்துக் கொடுப்பதைத் தடுக்கவும் செய்யும். 1998-இல் கலிபோர்னியாவின் அர்வைனில் டி கெர்வைன், ரூசெண்டால், மக்காஃப் மூவரும் தண்ணீர்த் தொட்டியில் வழி பழகிய எலிகளுக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கொடுத்து இரண்டு நிமிடத்தில் சோதித்தால் வழி நினைவிருந்தது. நான்கு மணி நேரம் கழித்தும் இருந்தது. முப்பதாவது நிமிடத்தில் மட்டும் தடுமாறின, ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். தேர்வறையில் மறந்த விடை வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வருகிறதென்றால், பிள்ளை படிக்கவில்லை என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம்.

வேலை முடிந்ததும் 'போதும்' என்று சொல்வதும் கார்டிசால்தான். ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, ஹிப்போகேம்பஸ், முன்நெற்றிப் பகுதி எல்லாவற்றிலும் அது படிந்து, தன்னை வரவழைத்த உத்தரவையே நிறுத்துகிறது. தொல்லை எப்போது என்றால், உத்தரவு நிற்காமல் நாள் தவறாமல் வரும்போது.

இதில் என்னை அதிகம் உலுக்கிய ஆய்வு பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்.சி.பி.எஸ்.) நடந்தது. சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் இரண்டு மணி நேரம், பத்து நாட்கள், அசையவிடாமல் வைத்தது. 2002-இல் வந்த முடிவு: ஹிப்போகேம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கியிருந்தன; பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே அழுத்தம், ஒரே மூளை, ஓரிடத்தில் தேய்வு, இன்னோரிடத்தில் செழிப்பு. பிறகு 21 நாட்கள் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் மீண்டுவிட்டது. அமிக்டலா மீளவில்லை. எலியை வைத்து மனிதனைச் சொல்லிவிட முடியாது என்பது சரி. ஆனாலும் கஷ்டகாலம் போன பிறகும் பயம் மட்டும் போகாத மனிதர்களை யார்தான் பார்த்ததில்லை?

நடத்தையும் மாறுகிறது. 2009-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள், நீண்ட அழுத்தத்துக்கு ஆளான எலிகள் வயிறு நிறைந்த பிறகும் தீனிக்கான நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்ததைக் கண்டார்கள். யோசித்துச் செயல்படும் சுற்று சுருங்கி, பழக்கத்தில் செயல்படும் சுற்று பெருத்திருந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில், பெரிய தேர்வுக்காக ஒரு மாதம் முட்டி மோதிப் படித்த மருத்துவ மாணவர்களிடம், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் திறன் மங்கி, முன்நெற்றிப் பகுதியின் தொடர்புகள் தளர்ந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆனதும் எல்லாம் பழையபடி ஆயிற்று. இளமைக்கு இந்த வசதி உண்டு.

வந்தது போயாக வேண்டும். ரத்தத்தில் இருக்கும் கார்டிசாலில் பாதி ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கல்லீரல் பெரும்பகுதியைக் கரைக்கிறது. சிறுநீரகத்தில் ஒரு நொதி 'எஃப்'ஐ மறுபடி செயலற்ற 'ஈ' ஆக்குகிறது. ஆக்காவிட்டால் உப்பைச் சேமிக்கும் ஏற்பியைக் கார்டிசால் தட்டி எழுப்பி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதிமதுரம் இந்த நொதியைத் தடுக்கும். தொண்டைக்கு இதமென்று அதை மாதக்கணக்கில் அதிகமாகத் தின்றால் ரத்த அழுத்தம் ஏறுவதும் பொட்டாசியம் இறங்குவதும் இதனால்தான். மிச்சம் சிறுநீரில் வெளியேறுகிறது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துவரச் சொல்லி மருத்துவர் கார்டிசாலை அளப்பது இந்தக் கடைசி வாசலில்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் மாத்திரைகளை வாரக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவையும் கார்டிசாலின் வேலையைச் செய்பவைதான். வெளியிலிருந்து வரத்து இருக்கும்வரை மூளை உத்தரவு போடுவதை நிறுத்திவிடும். வேலையில்லாத சுரப்பி சுருங்கிப்போகும். அது மீள மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தாலே உயிருக்கு ஆபத்து. குறைப்பதென்றாலும் நிறுத்துவதென்றாலும் மருத்துவர் சொன்ன அட்டவணைப்படியே செய்யுங்கள். வேறு மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரை சாப்பிட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.