எஸ்.கே. ரெலிகொம் 'ரி-1': ஓர் அணியின் ஏற்றமும் இறக்கமும்

தென்கொரியாவின் மின்விளையாட்டு வரலாற்றை அந்நாட்டின் பொருளாதார வரலாற்றினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை அடுத்துக் கணனி விளையாட்டு நிலையங்கள் நகரெங்கும் பெருகின. அதிவேக இணைய இணைப்பும் விரைந்து பரவிற்று. 1998இல் வெளியான 'ஸ்ரார்கிராவ்ற்' இளைஞரைப் பெரிதும் ஈர்த்தது. இச்சூழலிலேயே 2004இல், லிம் யோ-ஹுவான் என்னும் வீரரை மையமாகக் கொண்ட அணியைப் பொறுப்பேற்ற எஸ்.கே. ரெலிகொம் நிறுவனம் அதற்கு 'ரி-1' எனப் பெயரிட்டது.

அணியின் புகழுக்கு வீரரின் திறனே காரணமாயினும், அதன் ஆயுளை நிர்ணயித்தவை மூலதனமும் விளையாட்டின் மீதான உரிமையுமே எனலாம். உதைபந்தாட்டத்திற்கு உரிமையாளர் எவருமிலர். கணனி விளையாட்டோ ஒரு கம்பனியின் சொத்து. 2010இல் அம்பலமான ஆட்ட நிர்ணய ஊழல் ஸ்ரார்கிராவ்ற் போட்டிகளின் நம்பகத்தன்மையைக் குலைத்தது. 2016இல் 'புரோலீக்' தொடர் நிறுத்தப்படவே, ரி-1இன் அப்பிரிவு கலைக்கப்பட்டது. அதே மாதத்தில் அதன் 'லீக் ஒவ் லெஜன்ட்ஸ்' பிரிவு, 2013, 2015 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகளைத் தொடர்ந்து, மூன்றாவது முறையாக உலகக் கிண்ணத்தை வென்றமை இம்முரணை நன்கு புலப்படுத்தும்.

2017இல் இறுதியாட்டத்தில் தோல்வி. 2018இல் உலகப் போட்டிக்கே தகுதியின்மை. 2019இல் அமெரிக்கக் கொம்காஸ்ற் நிறுவனம் பங்காளியாயிற்று. 2022இலும் இறுதியாட்டத்தில் தோற்ற அணி, 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து வாகை சூடிற்று. இவ்வாறு வெற்றிகளிலும் பங்குகொண்டவர் 'பேக்கர்' எனப்படும் லீ சங்-ஹியொக் ஒருவரே. அவரது நிலைபேறு வியப்புக்குரியது. எனினும், விளையாட்டு மாறியதும் களமிழந்தோரையும் சேர்த்து நோக்கும்போதே இவ்வரலாறு முழுமைபெறும்.