செப்பாக் தக்ராவ் விதிகள் உருவான வரலாறு

செப்பாக் தக்ராவ் கையால் பந்தைத் தொடாமல் ஆடும் விளையாட்டு. வலையின் இருபுறமும் மும்மூன்று பேர் நின்று கால், முழங்கால், மார்பு, தோள், தலை ஆகியவற்றால் மட்டுமே பந்தைத் தட்டி எதிர்ப்பக்கம் அனுப்புவார்கள். இன்றைய பெயரும் பொது விதிகளும் 1965 டிசம்பரில் கோலாலம்பூரில் நடந்த மூன்றாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியையொட்டி நிலைபெற்றன. அதற்கு முன் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு ஆட்டம் வேறுபட்டது. அதற்குப் பின்னும் விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. முதல் உதைக்கு எவ்வளவு வலிமை தரலாம், பந்து எவ்வளவு நேரம் காற்றில் நிற்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளே இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப எழுந்தன.

பழைய ஆட்டத்தில் வலை கிடையாது. மலாய்க்காரர்கள் செப்பாக் ராகா என்று அழைத்த அந்த விளையாட்டில் பலர் வட்டமாக நின்று, பிரம்பால் பின்னிய பந்தைத் தரையில் விழாமல் ஒருவருக்கொருவர் உதைத்துக் கொடுப்பார்கள். எதிரணி இல்லை, பந்து எத்தனை உதைகள் வரை விழாமல் நின்றது என்பதே கணக்கு. தாய்லாந்தில் தக்ராவ், மியன்மாரில் சின்லோன், பிலிப்பைன்ஸில் சிபா, லாவோஸில் கத்தாவ் என்ற பெயர்களில் இதன் உறவுமுறை ஆட்டங்கள் வழங்கின.

இந்த ஆட்டம் மலாய் அரசியல் வரலாற்றிலேயே இடம்பிடித்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமது வீதி வழியே சென்றபோது, பெண்டஹாரா எனப்பட்ட தலைமை அமைச்சர் துன் பேராக்கின் மகன் துன் பெசார் உதைத்த பந்து அவருடைய தலைப்பாகையில் பட்டு அதைத் தள்ளிவிட்டது. சினம் கொண்ட இளவரசர் துன் பெசாரைக் கொன்றார் என்கிறது செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல். பழிக்குப் பழி வாங்கத் துடித்த தம் ஆட்களைத் துன் பேராக் தடுத்தார்; ஆனால் அந்த இளவரசரை அரசராக ஏற்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ராஜா முகமது மலாக்கா அரியணையை இழந்து பகாங்குக்கு அனுப்பப்பட்டு அங்கே ஆட்சியாளரானார்.

வலை வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி நெகிரி செம்பிலானில் வலை கட்டி ஆடியதாகக் குறிப்பு உண்டு. 1945இல் பினாங்கில் ஹமீட் மைடினும் அவருடைய நண்பர்களும் பூப்பந்து வலையின் இருபுறமும் நின்று ஆடினார்கள். வட்டத்துக்குள் சுற்றிய பந்து இப்போது எதிரியின் பக்கம் விழ வேண்டிய பந்தாக மாறியது. பந்தை நண்பனுக்கு வாகாகக் கொடுப்பதே திறமையாக இருந்த ஆட்டத்தில், எதிரிக்கு எட்டாமல் அடிப்பதும் திறமையாயிற்று. செப்பாக் ராகா ஜாரிங் என்ற இந்த வடிவம் விரைவில் தீபகற்பமெங்கும் பரவியது. 1960இல் மலாயாவில் இதற்கெனத் தனிச் சங்கம் அமைந்தது.

தாய்லாந்திலும் வலை கட்டி ஆடும் வழக்கம் தனியே வளர்ந்திருந்தது. ஆகவே கோலாலம்பூர் போட்டியில் இந்த விளையாட்டைச் சேர்ப்பதென்றால் யாருடைய விதிப்படி, எந்தப் பெயரில் ஆடுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, லாவோஸ் நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். மலாய்ச் சொல் ஒன்றையும் தாய்ச் சொல் ஒன்றையும் இணைத்துப் பெயர் வைத்தார்கள். ஆசிய செப்பாக் தக்ராவ் சம்மேளனமும் அதே ஆண்டு உருவானது. விட்டுக்கொடுத்துச் செய்த அந்த உடன்பாடு இல்லாமல் போயிருந்தால், ஒரே பந்தை இரண்டு நாடுகள் இரண்டு விளையாட்டுகளாக ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆடுகளத்தின் அளவு பூப்பந்தின் வழியே வந்தது. 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம் என்பது பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவேதான். ஆண்களுக்கான வலை நடுவில் 1.52 மீட்டர் உயரம், பெண்களுக்கு 1.42 மீட்டர். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள பொது மண்டபங்களுக்கு இது பெரிய வசதி. பூப்பந்துக்குப் போட்ட கோடுகளே தக்ராவுக்கும் போதும். கூடுதலாக வரைய வேண்டியவை சில வட்டங்கள் மட்டுமே.

அந்த வட்டங்களில்தான் விதியின் நுட்பம் இருக்கிறது. ஓர் அணியை ரெகு என்பார்கள். பின்னால் நிற்கும் தெக்கோங் 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் இருவரும் நடுக்கோட்டின் ஓரங்களில் உள்ள 90 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால்வட்டங்களுக்குள் நிற்க வேண்டும். அவர்களில் ஒருவர் கையால் பந்தைத் தூக்கிப் போடுவார். ஆட்டத்தில் கை பந்தைத் தொடும் இடம் அது ஒன்றே. தெக்கோங் மறு காலைத் தலையளவுக்கு மேலே வீசி, பந்தை வலைக்கு மேலாகக் கீழ்நோக்கி அறைவார். ஊன்றிய கால் தரையை விட்டு எழுந்தால் தவறு, புள்ளி எதிரணிக்கு. துள்ளி உதைக்க விட்டால் எதிரணிக்குப் பந்தைத் தூக்கி எடுக்கவே வாய்ப்பிருக்காது. மூன்று தொடுகைக்குள் பந்தை அனுப்ப வேண்டும். அந்த மூன்றையும் ஒருவரே எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் தற்காப்பவர் பக்கம் நிற்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் பந்தில் வந்தது. பிரம்புப் பந்து கைவினைஞரின் கைக்கேற்ப எடையிலும் உருண்டையிலும் வேறுபடும். ஈரத்தில் கனக்கும், காய்ந்தால் விரிசல் விடும். 1980களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் செயற்கை இழைப் பந்து உருவானது. பின்னர் விதிநூல் அதற்குத் திட்டமான அளவு வகுத்தது: 12 துளைகள், 20 பின்னல் சந்திப்புகள்; ஆண்களுக்கு 41 முதல் 43 சென்டிமீட்டர் சுற்றளவும் 170 முதல் 180 கிராம் எடையும். பெண்களுக்குச் சற்றே பெரிய, எடை குறைந்த பந்து. சீரான பந்து வந்ததும் ஆட்டத்தின் வேகம் கூடியது. பிரம்புப் பந்து பின்னும் தொழிலுக்கு இருந்த தேவை குறைந்தது.

புள்ளிக் கணக்கும் மாறியது. முதலில் உதைக்கும் அணி மட்டுமே புள்ளி எடுக்க முடியும் என்றிருந்த முறை, ஒவ்வொரு பந்துக்கும் யாரேனும் ஒருவருக்குப் புள்ளி என்று ஆனது. ஆட்டம் 15 புள்ளிகளுக்கா 21 புள்ளிகளுக்கா என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. யார் வென்றாலும் இரு அணிகளும் மூன்று மூன்று முறையாக மாறி மாறித் தொடக்க உதை எடுக்க வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது. வலிமையான தெக்கோங் ஒருவர் தொடர்ந்து உதைத்தே ஆட்டத்தை முடித்துவிடும் நிலையை அது தடுத்தது.

தொடக்க உதையைக் கட்டுப்படுத்தும் சிக்கல் இந்த விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில், தொடக்க உதையின்போது இரு அணியினரும் முழுவேகத்தில் ஓடி மோதிக் காயமடைவதைக் குறைக்க 2024இல் புதிய விதி சோதனையாக வந்து, 2025இல் நிலையானது. உதைப்பவரையும் பந்தைப் பிடிக்கக் காத்திருப்பவர்களையும் தவிர மற்றவர்கள், பந்து இறங்கும் வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. தெக்கோங்கின் கால் பந்தில் படும்வரை முன்னால் நிற்கும் இருவரும் கால்வட்டத்தை விட்டு நகரக் கூடாது என்ற தக்ராவ் விதியும் இதே வகைக் கட்டுப்பாடுதான்.

விதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பது கடினம். 2017இல் கோலாலம்பூர் தித்திவங்சா அரங்கில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில், மலேசியாவுக்கு எதிராக ஆடிய இந்தோனேசியப் பெண்கள் அணி, தங்கள் தொடக்க உதைகளைத் தவறு என்று நடுவர் அடுத்தடுத்து அறிவித்ததை எதிர்த்துக் களத்தை விட்டு வெளியேறியது. நொடிக்கும் குறைந்த நேரத்தில் நடக்கும் அசைவை ஒரு மனிதரின் பார்வையில் மட்டும் விட்டுவைப்பது சரியல்ல என்பதை அந்த ஆட்டம் உணர்த்தியது.

1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் செப்பாக் தக்ராவ் சேர்க்கப்பட்டபோது மலேசியா தங்கம் வென்றது. 1994இலும் ரெகு பிரிவில் வென்றது. அதன் பிறகு தாய்லாந்தின் கை ஓங்கியது. 2018 ஆசியப் போட்டியில் பாலெம்பாங்கில் மலேசியா மீண்டும் ரெகு தங்கத்தைப் பெற்றது. அதே போட்டியில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. வலையில்லாத வட்ட ஆட்டமும் மறைந்துவிடவில்லை. 2013இல் மியன்மாரிலும் 2017இல் கோலாலம்பூரிலும் நடந்த சீ போட்டிகளில் சின்லோன் பதக்கப் பிரிவாக இருந்தது. வலை, பந்து, புள்ளி என எல்லாம் மாறிய பின்னும், கை படாமல் பந்தைக் காற்றில் நிறுத்துவது என்ற அடிப்படையை மட்டும் எந்தத் திருத்தமும் தொடவில்லை.