நீரடியில் ஓர் எல்லைக்கோடு

நீச்சல் என்றதும் நீர்ப்பரப்பின்மேல் கைவீசிச் செல்லும் உருவமே நம் மனக்கண்ணில் எழுகிறது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில், பேக்ஸ்ட்ரோக் எனப்படும் மல்லாந்த நீச்சலின் 100 மீட்டர் போட்டியைக் கண்டோர்க்கு அவ்வுருவம் கலைந்திருக்கும். சுவரை உதைத்துப் புறப்பட்ட அமெரிக்க வீரர் டேவிட் பெர்காஃப் நீருக்குள் மறைந்தார். ஏறத்தாழ 35 மீட்டர் கடந்த பின்னரே தலைகாட்டினார். தகுதிச் சுற்றில் அவர் நீந்திய நேரம் 54.51 விநாடி. அஃது உலக சாதனை.

அவர் கையாண்டது டால்பின் உதை. (டால்பினுக்கு ‘ஓங்கில்’ என்றொரு தமிழ்ப்பெயர் உண்டு, ஆயினும் குளக்கரையில் வழங்கும் பெயரையே நாமும் கொள்வோம்.) நீர்ப்பரப்பில் நீந்துவோன் தானே எழுப்பும் அலையோடு போராட வேண்டும். சற்று ஆழத்தில் அத்தடை பெரிதும் குறைந்துவிடுகிறது. சுவரை உதைத்த வேகமோ நீந்தும் வேகத்தினும் மிகுதி. அவ்வேகத்தைக் கரையவிடாமல் காப்பதே இவ்வுதையின் பணி. கைகளைத் தலைக்கு அப்பால் நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, மார்புக்குக் கீழிருந்து அலைபோல் அசைவு இறங்கிப் பாதங்களில் முடிதல் வேண்டும். புதிதாய்ப் பயில்வோர் முழங்காலை மிகுதியாக மடக்கி ஒரு திசையில் மட்டும் உதைப்பர். மடங்கிய தொடையே தடையாகிவிடும். மேலுதை, கீழுதை இரண்டும் உந்துதல் தரும்போதுதான் உடல் வழுக்கிச் செல்கிறது.

வியப்பு என்னவெனில், இறுதிப்போட்டியில் பெர்காஃப் வெல்லவில்லை. ஜப்பானியரான டைச்சி சுஸுகி, நீரடித் தொலைவை ஏறத்தாழ 30 மீட்டராக நீட்டி, 55.05 விநாடியில் தங்கம் வென்றார். பெர்காஃபுக்கு 55.18. அவர் கையாண்ட வழியிலேயே சென்று இன்னொருவர் அவரை வென்றார்.

பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு விரைந்து தடை விதித்தது. மல்லாந்த நீச்சலில் 10 மீட்டருக்குமேல் நீரடியில் செல்லலாகாது என்றது. 1991இல் அதனை 15 ஆக்கியது. ஆனால் பட்டாம்பூச்சி நீச்சலுக்கு வரம்பில்லை. அவ்வாயிலில் நுழைந்த ரஷ்யரான டெனிஸ் பங்கராதவ் 1996 அட்லாண்டாவில் இரு தங்கங்கள் வென்றார். 1998இல் அதற்கும் 15 மீட்டர் எல்லை வந்தது.

நீச்சல் மேற்பரப்புக்கு உரியது என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. அனைவரும் நீருக்குள் மறைந்துவிட்டால் நால்வகை நீச்சல்களுக்கிடையே வேறுபாடு ஏது? எனினும் தடையின் விளைவு வேறாயிற்று. முன்பு சிலருக்கே உரித்தாயிருந்த உதை, அந்தப் பதினைந்து மீட்டரை வீணாக்கலாகாது என்பதனால் எல்லோர்க்கும் கட்டாயப் பாடமாயிற்று. மைக்கேல் ஃபெல்ப்ஸ் திருப்பங்களில் எதிரிகளைப் பின்தள்ளியதும் அப்பாடத்தாலேயே.

கணக்கொன்றைப் பாருங்கள். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்துவோன் இருமுறை சுவரை உதைக்கிறான். சட்டம் தரும் நீரடி 30 மீட்டர். 25 மீட்டர் குளத்திலோ நான்கு முறை உதைக்கிறான். நூற்றில் அறுபது மீட்டர் அவன் முகத்தை நாம் காணவே வேண்டியதில்லை.