கல்வி உதவி மேல்முறையீடு (மலேசியா)

கல்வி உதவி மேல்முறையீடு என்பது, கிடைத்த உபகாரச் சம்பளமோ கட்டணக் கழிவோ கல்விக் கடனோ போதவில்லை என்று மாணவர் எழுத்து மூலம் மறுபரிசீலனை கேட்பது. மலேசியாவில் இதற்கு ‘ரயுவான்’ என்ற மலாய்ச் சொல்லே வழங்குகிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளியானதும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து முறை மாறும். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கு யூ.பி.யூ., அரசு உபகாரச் சம்பளத்துக்குப் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ., கடனுக்கு 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. பி.டி.பி.டி.என். குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுத் தொகை, 75 விழுக்காடு, 50 விழுக்காடு எனக் கடனைப் பிரித்து வந்திருக்கிறது. ஆகவே வருமானப் பிரிவு தவறாகப் பதிவானால் மாணவரின் கடன் பாதியாகக் குறைந்துவிடலாம். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் கல்லூரி மாணவர்களுக்கான உச்சத் தொகையே 15 விழுக்காடு வெட்டப்பட்டது. அத்தகைய கொள்கை முடிவைத் தனிப்பட்ட மேல்முறையீட்டால் மாற்ற முடியாது.

பேச்சுக்கு உண்மையில் இடமிருப்பது தனியார் கல்லூரிகளில். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை நெருக்கமாக இருப்பதால் மாணவர்களுக்காகப் போட்டியும் கடுமையாக இருக்கிறது. பெரும்பாலானவை எஸ்.பி.எம்.-இல் பெற்ற ‘ஏ’க்களின் எண்ணிக்கைப்படி கழிவு தருகின்றன. பள்ளியின் முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்ந்தவர், உண்மை முடிவு அதைவிட நன்றாக வந்ததும் கழிவை உயர்த்தக் கேட்பதுதான் மிக வலுவான மேல்முறையீடு. வேறொரு கல்லூரியின் கடிதத்தைக் காட்டிக் கேட்பதும் நடக்கிறது. அந்தக் கடிதம் அதே பாடத்துக்கானதாக இருந்தால்தான் அதற்கு எடை உண்டு.

கேட்பதற்கு முன் கழிவு எதைக் குறைக்கிறது என்று பார்க்க வேண்டும். பல கல்லூரிகளில் அது பாடக் கட்டணத்துக்கு மட்டுமே. பதிவு, ஆய்வகம், விடுதி ஆகியவற்றுக்கான செலவு அப்படியே நிற்கும். குறிப்பிட்ட தரப்புள்ளிச் சராசரியை (சி.ஜி.பி.ஏ.) தக்கவைக்காவிட்டால் அடுத்த பருவத்தில் கழிவு நின்றுவிடும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். முன்பணம் கட்டிக் கையெழுத்திட்ட பிறகு கேட்பவரிடம் பேரம் பேசும் வலு அநேகமாக மிஞ்சாது.

கடிதம் உருக்கமாக இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்குத் தேவை தாள்தான்: தந்தை வேலை இழந்த கடிதம், மருத்துவமனைச் செலவுச் சீட்டு, மரணச் சான்றிதழ், ஒரே நேரத்தில் படிக்கும் உடன்பிறப்புகளின் சேர்க்கைக் கடிதம். சம்பளச் சீட்டே இல்லாத லாரி ஓட்டுநரும் பூக்கடைக்காரரும் வருமான உறுதிக் கடிதம் பெற்றுச் சேர்க்க வேண்டியிருக்கும். உதவி மிகவும் தேவைப்படும் குடும்பங்கள் இந்தத் தாள் வேலையிலேயே சோர்ந்துவிடுவது வேதனைக்குரியது. கேட்பது மானக்குறைவு என்ற தயக்கமும் அவர்களிடம்தான் அதிகம்.

சமூக அமைப்புகள் நெடுங்காலமாக இந்த இடைவெளியை நிரப்பி வருகின்றன. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி அளிக்கிறது. ச. சாமிவேலு தலைமையில் மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சி (ம.இ.கா.) 1984-இல் அமைத்த கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.டி. இந்திய மாணவர்களுக்குக் கடன் வழங்கியதோடு கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியது. 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வுக்குத் தயார் செய்வதன் மூலம் மதிப்பெண்ணையே உயர்த்த முயல்கிறது.

தனிமனிதர் மேல்முறையீடு தோற்ற இடத்தில் சமூகம் கூட்டாகக் கேட்டு வென்றதும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குச் செல்லச் செலவு மிகக் குறைந்த வழியான மெட்ரிகுலேஷனில் 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எஸ்.பி.எம்.-இல் 10 ‘ஏ’ அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024-இல் அறிவித்தார்.

அமெரிக்காவுக்குச் செல்ல விரும்புவோருக்குக் கணக்கே வேறு. அங்கே வேலையிழப்பு, மருத்துவச் செலவு போன்ற காரணங்களுக்காகக் குடும்பத்தின் நிதி விவரங்களைத் திருத்திப் பார்க்க உதவி அதிகாரிக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. ஆனால் அது கூட்டரசு உதவியைப் பற்றியது. வெளிநாட்டு மாணவர் கல்லூரியின் சொந்த நிதியையே நம்பியிருக்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில நிறுவனங்களே வெளிநாட்டவரின் பண வசதியைப் பாராமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. இதுபற்றிய ஆலோசனையைக் கோலாலம்பூரில் 1963 முதல் இயங்கும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையமான மேசீ வழங்குகிறது.

எல்லா மேல்முறையீடும் முடிந்த பின்னும் பற்றாக்குறை இருந்தால், பெற்றோர் ஊழியர் சேம நிதியான ஈ.பி.எஃப். சேமிப்பிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதச் சீரமைப்புக்குப் பின் அதற்குரியது ‘செஜாத்ரா’ கணக்கு.