விளை (உப்பளத் தொழில்)

விளைதல்: உண்டாதல், முதிர்தல், பயன் தருதல். நெல்லுக்கும் உப்புக்கும் தமிழில் இந்த ஒரே வினைதான். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பு விளைகிறது. ‘உற்பத்தி’ என்பது அரசுக் கோப்புகளின் சொல். நெய்தல் திணைப் பாடல்கள் அளத்தைக் கழனி என்கின்றன. நற்றிணை உப்பு விளைப்போரை ஏர் பிடிக்காத உழவராகவே பார்க்கிறது.

சொல்லின் பொருத்தத்தைப் பாத்தியில் பார்க்கலாம். கடல்நீரில் உப்புகள் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. பாத்திக்குப் பாத்தி மாற்ற, வெயிலும் காற்றும் நீரைக் குறைக்கின்றன. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. அடர்த்தி சுமார் 25 பாகை போமே ஆனதும் சோற்றுப்பு படிகமாகிறது. 30 பாகைக்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஆள் செய்வது பாத்தி மிதிப்பது, நீர் பாய்ச்சுவது, வாருவது; விளைவது தானாக. வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் கரையும்.

பிறவினை: விளைவித்தல். பேச்சில் இது அரிது. எழுத்தில் பெரும்பாலும் கேடு, தீங்கு போன்றவற்றோடுதான் வருகிறது, பாவம். உப்புநீரை உலையேற்றி உப்பெடுத்தால் அது ‘காய்ச்சுதல்’. ஆனால் காந்தியின் தண்டி யாத்திரையை ஒட்டி 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு அள்ளுவதற்கு. அங்கே உப்பு ஏற்கெனவே விளைந்து கிடந்தது.

தொடர்புடையவை: விளைச்சல், விளைநிலம், விளைவு. தென்குமரியில் ‘விளை’ என்றால் தோப்பு.