சுருண்ட பாம்பு சாதுவான பாம்பா?

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பிடித்து அனுப்பப்பட்ட பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்பு, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றாகிவிட்டது. அதற்கு விலை வாங்கித் தந்தது 'சாது' என்ற பெயர். நான்கைந்து அடிக்குள் அடங்கும் உடல், எளிதில் கடிக்காது, தொட்டால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இந்தச் சுருளலைக் காட்டித்தான் வியாபாரிகள் விற்றார்கள். உண்மையில் அது, ஓடவும் வழியின்றி எதிர்க்கவும் துணியாத பாம்பு தலையைக் காத்துக்கொள்ளும் முறை. பயத்தைப் பணிவென்று படித்த அந்த முதல் தவறுதான் பின்வந்த பல தவறுகளுக்கும் வேர் என்பது என் கருத்து.

அவற்றில் ஒன்று பட்டினியைப் பற்றியது. இறக்குமதியான வளர்ந்த பாம்புகள் மாதக்கணக்கில் இரை தொடாமல் கிடந்தன. காட்டிலும் இந்த இனம் நீண்ட பட்டினி கிடக்கும், அடைகாக்கும் பெண் பாம்பு இரையைத் தேடிப் போகாது, எனவே இது இயல்பே என்று ஒரு சமாதானம் உண்டு. பாதி உண்மைதான். ஆனால் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் பட்டினி வேறு. பயணமும் ஒட்டுண்ணியும் ஒளிய இடமில்லாத பெட்டியும் சேர்ந்து உண்டாக்கும் பட்டினி வேறு.

மூச்சின் கதை இன்னும் வேதனையானது. நலமான மலைப்பாம்பு மூச்சு விடுவது காதில் விழாது. சீறல், நுரையீரல் காற்றைக் குரல்வளைத் துளை வழியே வேகமாகத் தள்ளும் எச்சரிக்கை. நாம் விலகிப் போனால் அடங்கிவிடும். சட்டை உரிக்கும் நாட்களில் மூக்குத் துளையில் தோல் ஒட்டிக்கொண்டு மெல்லிய சீட்டி கேட்கலாம், உரித்ததும் நின்றுவிடும். நிற்காத சீட்டி, கரகரப்பு, வாயோரத்தில் நுரைச் சளி, தலையை மேலே தூக்கி வாய் திறந்து மூச்சு வாங்குதல், இவை நோய். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. 1990களின் இறுதியிலிருந்தே மருத்துவர்கள் கவனித்துவந்த இந்தச் சுவாச நோய்க்குக் குளிரும் ஈரமும் பாக்டீரியாவுமே காரணம் என்று எண்ணிச் சூட்டைக் கூட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள். பல பாம்புகள் தேறவில்லை. 2014இல்தான் இப்படி நோயுற்ற பாம்புகளின் நுரையீரலில் நிடோவைரஸ் என்ற கிருமி கண்டறியப்பட்டது.

பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறக்கும் பாம்புகள் மனிதக் கைக்குப் பழகிவிட்டன, பழைய பயத்தை அவற்றின்மேல் ஏற்றக் கூடாது என்பது வலுவான மறுப்பு. பழகுவது உண்மை, அவை அவ்வளவாகச் சுருள்வதில்லை. ஆனால் அதே கூண்டு வளர்ப்பு, நிறத்துக்காக 'ஸ்பைடர்' என்ற வகையையும் பெருக்கியது. அதன் தலை ஆடும், சாயும், குறி தவறி இரையைக் கொத்தும். வளர்ப்பவர்கள் அதை அந்த வகையின் சுபாவம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள்; உட்செவியே சிதைந்து பிறக்கிறது என்பதை 2022இல் ஸ்கேன் ஆய்வு காட்டியது. கூண்டில் பிறந்ததால் பாம்பின் பயம் குறைந்திருக்கலாம், ஆனால் அதன் உடல் காட்டும் அடையாளத்தைப் படிக்க மறுக்கும் நம் பழக்கம் குறையவில்லை.

சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இதே இனத்தைச் சுங்கத்துறை மீண்டும் மீண்டும் பறிமுதல் செய்கிறது. துணிப்பையில் முடிந்து கடத்தப்படும் பாம்பை வாங்காதீர்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள், சட்டை உரித்த பிறகும் மூச்சில் சத்தம் கேட்டால் அந்தப் பாம்பை மற்ற பாம்புகளிடமிருந்து பிரித்து வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.