ஆண்டு நிறைவுகளைக் கொண்டாடுமுறை

காலம் என்பது கண்ணுக்குப் புலனாகாது கழிந்து போவதொன்று. அதனைக் கையாற் பற்ற இயலாத மக்கள், நாளென்றும் திங்களென்றும் ஆண்டென்றும் வரையிட்டு, அவ்வரைகளுட் சிலவற்றைச் சிறப்புடையனவாகக் கொண்டு போற்றி வருகின்றனர். பிறந்தநாளும் மறைந்தநாளும், தொடங்கியநாளும் வென்றநாளும் இவ்வாறு விழாவாயின. இக்காலத்தே இவ்வழக்கம் பெரிதும் பரவி, புகைவண்டிக்கும் வானொலிக்கும் படக்காட்சிக்கும் இசைப்புலவர்க்கும் கோட்டைக்கும் ஆண்டு விழாக்கள் எடுக்கப்படுகின்றன. நம் சங்கத்தாரும், நம் மரபின் பழம்பெருமையைக் குறிக்கும் நாளொன்றைத் தேர்ந்து ஆண்டுதோறும் கொண்டாடவேண்டும் என்று கூட்டங்களிற் பேசி வருகின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும், எந்த நாளை, எச்சான்று கொண்டு, எப்பயன் கருதிக் கொண்டாடுவது என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். அதன்பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

நாட்போற்றுதல் பிறரிடமிருந்து நாம் கற்றதன்று. அரசன் பிறந்தநாளிற் கொண்டாடும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வைத்துள்ளது. சோழப்பெருமன்னன் முதலாம் இராசராசன் பிறந்த சதயமும், அவன் மைந்தன் இராசேந்திரன் பிறந்த ஆதிரையும் கோயில்களில் விழா நாட்களாயின என்பதைக் கல்வெட்டுக்கள் காட்டும். இவையெல்லாம் நாண்மீனைக் கொண்டு எண்ணப்பட்டவை. ஆதலின் ஆங்கிலத் தேதியோடு ஒவ்வோராண்டும் ஒத்து வாரா. நம் ஊராகிய கீழ்பென்னாத்தூரில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு இதனை வேறு சான்று கொண்டு விளக்க வேண்டுவதில்லை. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியிற் கார்த்திகைத் தீபம் ஏற்றும் நாள் ஓராண்டு நவம்பரிலும் மற்றோராண்டு டிசம்பரிலும் வருதலை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர்.

அரசர்க்கு மட்டுமன்றி எளியார்க்கும் நினைவுக்குறி நாட்டியது நம் நாடு. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியிற் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட அக்கல்லில், ஆநிரைப் போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாயின் உருவமும் இடம்பெற்றுள்ளது. இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது அந்நாய் என்று அங்கே எழுதியிருக்கின்றனர். ஏறக்குறைய 1,400 ஆண்டுகட்கு முன்னர் ஒரு நாயின் நன்றியை நினைந்து அதன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மக்கள், வரலாற்றுணர்வு இல்லாதவர் என்று யார் கூறவல்லார்?

நிற்க. நினைவு உண்டாயினும், ஆண்டுக் கணக்கில் நம் முன்னோர் முறை நமக்கு இடர் விளைப்பதும் உண்மை. கல்வெட்டுக்கள் பலவும் இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்றே கூறும். அவ்வரசன் முடிசூடிய ஆண்டு தெரிந்தாலன்றி அதனைத் தொடராண்டாக மாற்ற இயலாது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு, இராசராசன் தன் 25ஆம் யாண்டு 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் ஈந்தான் என்று கூறுகின்றது. அவன் ஆட்சி தொடங்கியது கி.பி. 985 என்று வேறு சான்றுகளால் அறியப்பட்டமையாலேயே அந்நாள் 1010ஆம் ஆண்டில் விழுந்தது என்று கணித்தனர். அக்கணக்கினைக் கொண்டே 2010ஆம் ஆண்டில் அக்கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா தஞ்சையிற் பெருஞ்சிறப்புடன் நடந்தேறியது. ஆயிரம் ஆண்டு என்று மேடையிற் கூறுதல் எளிது. அதன் அடியில் எழுத்துப் பொறித்த கல்லும், கல்லைப் படித்த அறிஞர் உழைப்பும் இருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

நம் வீட்டு ஏடுகளில் வழங்கும் பிரபவ முதலிய அறுபதாண்டு முறையிலும் இத்தகைய இடர் உண்டு. பாட்டனார் பிரபவ வருஷத்திற் பிறந்தார் என்று மட்டும் எழுதியிருப்பின், அஃது 1867ஆம் ஆண்டோ, 1927ஆம் ஆண்டோ என்ற ஐயம் எழும். 1987ஆம் ஆண்டும் பிரபவமே. மூன்று தலைமுறை கழிந்தபின் ஐயம் தீர்ப்பார் எவரும் இரார். சகாப்தம் குறித்திருப்பின் 78 கூட்டியும், கொல்லம் ஆண்டாயின் 825 கூட்டியும் ஏறக்குறைய கி.பி. ஆண்டினை அறியலாம், திருவள்ளுவர் ஆண்டாயின் 31 கழித்தல் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று இன்றி அறுபதாண்டுப் பெயர் மட்டும் நிற்பது, ஊர்ப்பெயர் இன்றித் தெருப்பெயர் மட்டும் எழுதிய கடிதம் போல்வதே.

இனி, மேற்கே அண்ணாமலை இருப்பதுபோல நமக்குக் கிழக்கே இருப்பது செஞ்சி. சிவாஜி மன்னர் 1677இல் அதனைக் கைக்கொண்டார். அவர் மைந்தர் இராசாராம் உள்ளிருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தது. 1750இற் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். இத்துணைப் பெருநிகழ்ச்சிகளும் நூல்களிலே உள்ளன. ஆயினும் நம் பக்கத்துத் திண்ணைகளிலும் தெருக்கூத்து மேடைகளிலும் பேசப்படுபவன், சில திங்களே கோட்டையை ஆண்டு, திறைப்பாக்கி பற்றி ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பகைத்து, 1714ஆம் ஆண்டு அக்டோபரிற் போரில் மாண்ட தேசிங்குராசனே. அவன் மொழியும் குலமும் வேறு; வடநாட்டினின்று வந்தவன். அவனோடு உயிர்விட்ட தோழன் மகமதுகான் சமயத்தால் வேறானவன். எனினும் கதைப்பாடல் பாடிய நம் நாட்டார், இன்னான் எக்குலத்தான் என்று வினவினாரல்லர். அஞ்சாமையையும் நட்பையும் கண்டார், பாடினார். அரசாங்க ஏட்டிற் சிறு குறிப்பாக நின்றுவிட்டிருக்கக்கூடிய ஒருவனை முந்நூறாண்டு வாழ வைத்தது அப்பாட்டே. 2025ஆம் ஆண்டு சூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மன்றம் செஞ்சிக் கோட்டையை மராட்டியர் படையரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்ன வரிசையிற் சேர்த்தது. நூல் வரலாறும் பாட்டு வரலாறும் ஒன்றையொன்று திருத்தி நிற்கவேண்டும் என்பதற்குச் செஞ்சியினும் அண்மையான எடுத்துக்காட்டு நமக்கு இல்லை.

பொறிகளின் வரலாற்றில் முதலாவது என்னும் சொல்லே பெரும்பூசலுக்கு வித்தாகின்றது. இந்தியாவிற் பயணிகளை ஏற்றிய முதற் புகைவண்டி 1853 ஏப்பிரல் 16ஆம் நாள் பம்பாயினின்று தாணாவுக்கு ஓடியது. தென்னாட்டில் 1856 சூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்தினின்று, அப்பொழுது ஆற்காடு எனப்பெயர் பெற்றிருந்த வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. அவ்வூர் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாதலின், தென்னாட்டு இருப்புப்பாதையின் முதல் எல்லை நம் மாவட்டமே என்று மகிழ்தற்கு இடமுண்டு. இங்கே நாள் தெளிவு, இடமும் தெளிவு.

வானொலியோ அவ்வாறன்று. சென்னையில் 1924ஆம் ஆண்டில் வானொலிக் கழகம் ஒன்று தோன்றி ஒலிபரப்பியது. பொருள்முட்டுப்பாட்டால் 1927இல் நின்றது. 1930இல் நகராட்சியார் அப்பணியை ஏற்று நடத்தினர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16ஆம் நாள் தொடங்கியது. சென்னை வானொலிக்கு நூறாண்டு எப்பொழுது நிறையும் என்று வினவின், 1924 என்பார்க்கு 2024இலேயே நிறைந்தது. 1938 என்பார்க்கு 2038இல் நிறையும். இரண்டும் பிழையல்ல. எதனைத் தொடக்கமாகக் கொண்டோம் என்று வெளிப்படக் கூறுதலே அறிவுடைமை.

படக்காட்சி வரலாறு இதனினும் ஒருபடி மேற்சென்று நம்மை வருத்துவது. வேலூரிற் பிறந்த இரா. நடராச முதலியார் சென்னையிலெடுத்த கீசகவதம் என்னும் பேசாப்படமே தென்னாட்டின் முதற் கதைப்படம் என்பர். அது வெளிவந்த ஆண்டினை 1916 என்பாரும் 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். படச்சுருள் கிடைத்திலது. தமிழின் முதற் பேசும்படமாகக் கொண்டாடப்படும் காளிதாஸ், எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. இராசலட்சுமி நடித்து, 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்டிரல் கொட்டகையில் வெளியாயிற்று. அதில் தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினமையின், முழுத்தமிழ்ப்படம் அதுவோ என்ற வழக்கும் உண்டு. அப்படத்தின் சுருளும் இன்று இல்லை. நாளைக் காத்தோம், பொருளை இழந்தோம். படங்களைத் தொகுத்துக் காக்கும் தேசிய ஆவணக்காப்பகம் புனாவில் 1964ஆம் ஆண்டிலேயே அமைந்தது. அதற்குள் பேசாப்படங்களுட் பெரும்பாலன அழிந்தொழிந்தன. விழா எடுப்பதினும் பொருளைக் காப்பது முற்பட வேண்டும் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கற்பிப்பது பிறிதொன்றில்லை.

இனி இசைக்கு வருவோம். திருவாரூர் ஈன்ற மூவருள் முத்துசாமி தீட்சிதர் 1775இற் பிறந்து, 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று எட்டயபுரத்தில் மறைந்தார். ஐம்பூதத் தலங்கட்கும் கீர்த்தனம் பாடிய அவர், தீவடிவாகிய நம் அண்ணாமலையை அருணாசலநாதம் என்னும் கீர்த்தனத்தாற் பாடினார். அவர் பிறந்து 250 ஆண்டு நிறைந்தது 2025இல். ஊரெல்லாம் மகிழும் தீபாவளியன்றே இசையறிந்தோர் அவரையும் நினைந்து பாடுவர்.

மற்றொருவராகிய தியாகராசர் 1847 சனவரி 6ஆம் நாள் திருவையாற்றில் மறைந்தார். அவர் மறைந்த திதியாகிய தை மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியில் ஆண்டுதோறும் நிகழும் ஆராதனையின் கதை, சங்கம் வைத்து நடத்துவோர் அனைவரும் ஓதவேண்டியது. அவ்விழா எடுத்தோர் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இருபிரிவாகப் பிரிந்து பல்லாண்டு தனித்தனியே நடத்தினர். பெண்கள் அங்குப் பாட இடம்பெற்றிலர். அந்நாளிற் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் இசையரசியார், பாடி ஈட்டிய தம் பொருளையெல்லாம் செலவிட்டு, பாழ்பட்டுக் கிடந்த சமாதியிடத்தைத் திருத்திக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்வித்தார். பெண்களையும் கூட்டி அவ்விடத்தே பாடச்செய்தார். 1940ஆம் ஆண்டினை ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டன. ஆடவரும் பெண்டிரும் பாடும் ஒரே விழா அமைந்தது. அவ்வம்மையார் 1952இல் மறைந்தார். யார் முன்னே அமர்வது, யார் பெயர் அழைப்பிதழில் முதலில் வருவது என்று பிணங்கினோர் பெயர்கள் மறக்கப்பட்டன. இடத்தைத் திருத்தியவர் உருவச்சிலையாய்ச் சமாதியின் எதிரே அமர்ந்திருக்கின்றார். இதிற் பொதிந்துள்ள அறிவுரையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் கூறியது நம் சங்கத்தின் பொருட்டே. குலச்சங்கங்கள் பலவும் இக்காலத்தே ஏதேனுமொரு பேரரசனையோ புலவனையோ தம்மவனென உரிமை கொண்டாடி, பிறந்தநாள் தெரியாதவிடத்துத் தாமே ஒரு நாளை வகுத்து, படமும் எழுதி, ஊர்வலம் விடுதலைக் காண்கின்றோம். ஒருவரையே இரண்டு மூன்று குலத்தார் தம்மவரென்று கூறி மாறுபட்டு நிற்றலும் உண்டு. நம் உறுப்பினர் சிலரும் இவ்வாறு செய்தல் வேண்டும் என்று அன்பினாற் கூறுகின்றனர். அவர் அன்பினை மதிக்கின்றோம், கருத்தினை ஏற்றிலேம். சான்றில்லாத பெருமை ஒரு தலைமுறைக்குமேல் நில்லாது. பள்ளியிற் படிக்கும் நம் பிள்ளை ஒருநாள் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பார்த்து, இஃது எங்குள்ளது என்று வினவுவானாயின், நாம் தலைகுனிய நேரும். அன்றியும், செஞ்சிப் பாட்டினைப் பாடியோர் காட்டிய பெருந்தன்மைக்கு அஃது இழுக்காம். பெரியோர் எல்லார்க்கும் உரியர்.

அங்ஙனமாயின் நாம் கொண்டாடத்தக்கது யாது? நம் மரபில் முதன்முதற் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய பெண்மணி யார், எவ்வாண்டு? நம் ஊரில் முதன்முதற் கிணற்றுக்கு எந்திரம் வைத்தவர் யார்? சங்கத்தின் முதற் கூட்டம் எவர் வீட்டுத் திண்ணையிற் கூடிற்று? உதவிப்பொருள் பெற்றுப் படித்த முதல் மாணவர் இன்று எத்தொழிலில் இருக்கின்றார்? இவையே நமக்கு மெய்யாக உரிய நாட்கள். இவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவரும் செய்யத்தக்கன சில கூறி முடிப்போம். ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு கட்டுக்குறிப்பேடு வைத்து, பிறப்பு, மணம், மறைவு, குடிபெயர்வு ஆகியவற்றைத் தமிழாண்டோடு ஆங்கில ஆண்டும் நாளும் சேர்த்து எழுதுக. பழைய பத்திரங்கள், ஓலைகள், புகைப்படங்கள், நம் வெளியீட்டின் பழைய இதழ்கள் ஆகியவற்றை எடைக்குப் போடாது காத்துப் படியெடுத்து வைக்க. புகைப்படத்தின் பின்புறம் அதிலுள்ளார் பெயரை எழுதுக. பெயரறியாப் படம் பேசாப்படமே. வயல்வரப்பிலோ ஏரிக்கரையிலோ எழுத்துள்ள கல்லைக் காணின், அதன்மேற் சுண்ணாம்பு பூசாமலும் படிக்கல்லாகப் போடாமலும் தொல்லியற்றுறையினர்க்குத் தெரிவிக்க. சங்க ஆண்டுவிழாவிற் பந்தலுக்கும் பட்டாசுக்கும் ஆகும் செலவிற் பாதியையேனும் மாணவர் உதவிநிதிக்கு ஒதுக்குக.

எடுத்தனூரார் ஒரு நாயின் பெயரையும் மறவாது எழுதினர். நாம் நம்மைப் பெற்றோர் பெயரையும் நாளையும் எழுதாது விடுவோமாயின், வேறு எப்பெருமை பேசியும் பயனில்லை. மெய்யானவற்றை எழுதி, எழுதியவற்றைக் காத்து, காத்தவற்றை மக்கட்கு உரைத்து, நம் சங்கத்தார் நெடிது வாழ்க!